திருவோணத்துக்கு எருக்கு

முத்தமிழ் பொறாமைக்காரி என்பது அவளுக்கே தெரியும். அதை மறைக்க அவள் பெரிதாக முயன்றதும் இல்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்ணின் கழுத்தைச் சுற்றி டேப்பைப் போடும்போதே, அந்தக் கழுத்தில் கிடக்கும் சங்கிலி போன தடவை இருந்ததா இல்லையா என்று கண் பார்த்துவிடும். "புதுசா?" என்பாள். ஆமாம் என்று பதில் வந்தால் டேப்பை ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பாள். ஆனால் தைத்துக் கொடுக்கும் துணியில் அந்த எரிச்சல் ஒரு நூல் அளவுகூட இறங்காது. அதனால்தான் காரைக்காலில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, 'தையக்காரம்மா வீடு' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் வேறு எதுவும் கேட்காமல் கொண்டுவந்து விடுகிறார்கள்.

விழிதியூரில் நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். மூன்று அக்காக்கள் உடுத்தி முடித்த பாவாடைகள் வரிசையாக அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் கீழ் மடிப்பைப் பிரித்த தடம் மூன்று கோடுகளாக வெளிறிக் கிடக்கும். தன் அளவுக்கென்று ஒரு துணியாவது வெட்டப்பட வேண்டும் என்பதற்காகவே பதினைந்து வயதில் தையல் கற்றாள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் செம்பியனுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் அடுத்தவர் வீட்டில் எதைப் பார்த்தாலும், அது தனக்குப் பொருந்துமா என்றுதான் முதலில் பார்ப்பாள். பொருந்தாது என்று தெரிந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும் அவளுக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன் செம்பியனும் அவன் தம்பி கார்முகிலும் அப்பா விட்டுப்போன மனையில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டினார்கள். முன்னால் நாற்பதடிக்கு இருபதடி இடம் பொது. கேட்டும் ஒன்றுதான். மிச்ச ஜல்லியும் உடைந்த செங்கலும் கிடந்த அந்த இடத்தில் முத்தமிழ் தனக்குத் தெரிந்த வகையில் தோட்டம் போட்டாள். எதிர் வீட்டில் காகிதப்பூ பூத்தால் இவளுக்கும் ஒரு காகிதப்பூ. மேலத்தெருவில் குரோட்டன்ஸ் பார்த்தால் அடுத்த தள்ளுவண்டியிலேயே குரோட்டன்ஸ். எங்கே காலி இருந்ததோ அங்கே தொட்டி. மூன்று வருடத்தில் கேட்டிலிருந்து வாசற்படிக்கு வர இடுப்பை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

"அண்ணி, ஏலத்துல எடுத்த மாதிரி இருக்கு," என்றான் கார்முகில் ஒரு நாள், லுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டபோது.

அவன் மனைவி இனியா தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முத்தமிழைவிட ஒன்பது வயது இளையவள். எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். சம்பளம், ஸ்கூட்டி, வெள்ளிக்கிழமைக்கு ஒரு சேலை என்று முத்தமிழின் கண்ணில் படும்படி அவளிடம் நிறைய இருந்தன. இருந்தும் ஓரகத்திகளுக்குள் சண்டை வந்ததில்லை. குழம்பு கிண்ணம் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போய்விட்டுத் திரும்பிய இனியா, சுரக்குடிப் பக்கம் ஒரு நர்சரியில் இறங்கியிருக்கிறாள். கைலாசநாதன் என்பவருடையது. சனீஸ்வரனைக் கும்பிட்டு வருகிறவர்கள் கண்ணில் படும்படி அவர் ஒரு பலகை வைத்திருந்தார்: 'உங்கள் நட்சத்திரத்துக்கு உரிய மரக்கன்று இங்கே கிடைக்கும்.' இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு வகைக் கன்று, பையில் சீட்டு ஒட்டி. இனியா இரண்டு வீட்டிலும் இருக்கும் நாலு பேருக்கும் நாலு கன்று வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மாமாவுக்கு சுவாதி, அதனால மருது," என்று செம்பியனைக் காட்டினாள். "இவருக்கு சதயம், கடம்பு. எனக்கு அனுஷம், மகிழம்," என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். நாலாவது பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குத் திருவோணம் இல்லையா அக்கா..."

முத்தமிழ் இலையைப் பார்த்தாள். தடித்த, சாம்பல் பூத்த இலை.

"எருக்கா?"

"வெள்ளெருக்கு அக்கா. சாதாரண எருக்கு இல்ல. ரொம்ப விசேஷம்னாரு."

செம்பியன் சிரித்துவிட்டான். "இதையாம்மா காசு குடுத்து வாங்குன? ரயிலடி ஓரத்துல சும்மா நிக்குதே!"

விழிதியூரில் முத்தமிழின் அம்மா சண்டையில் எல்லா வசவும் தீர்ந்த பிறகு கடைசியாக எடுப்பது ஒன்று உண்டு. 'ஒன் வீட்டுல எருக்கு மொளைக்க.' அதைக் கேட்ட எதிராளி மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். இப்போது அது சீட்டு ஒட்டி, ஆட்டோவில், தன் பேருக்கே வந்து இறங்கியிருக்கிறது. இனியாவுக்கு மகிழம். பூவை நூலில் கோத்தால் காய்ந்த பிறகும் மணக்கும் மகிழம்.

"அனுஷத்துல பொறக்கறதுக்கு எங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கணும்," என்றாள் முத்தமிழ். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இனியா கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து வைத்திருந்தாள். தொட்டிகள் எல்லாம் மாடிக்கு. இடத்தின் நடுவில், கேட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி மகிழம். அதைச் சுற்றி வட்டமாக ரோஜா. வீட்டை ஒட்டி ஒரு மூலையில் மருது, மறு மூலையில் கடம்பு. கேட்டிலிருந்து இரண்டு வாசற்படிக்கும் சதுரக் கற்கள் பதித்த பாதை, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராகப் போய், நேராகத் திரும்பியது. எருக்கு? செப்டிக் டேங்க் மூலையில் ஒரு சின்ன புள்ளி.

"பால் வடியிற செடி அக்கா. பிள்ளைங்க யாராவது வந்தா தொட்டுடக் கூடாதுல்ல, அதான்."

காரணம் சரிதான். அதுதான் முத்தமிழுக்குத் தாங்கவில்லை. தப்பான காரணமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. அந்த நாற்பதடியில் ஏதாவது ஒன்றைப் பார்த்து நாலு பேர் 'இது முத்தமிழ் செடி' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். படத்தில் இருந்தபடியே நட்டாயிற்று. மறு வாரமே துணி கொடுக்க வந்தவர்கள் கேட்டருகில் நின்று, "மகிழமா? யாரு வச்சது, டீச்சரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முத்தமிழ் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

தண்ணீர் ஊற்றுவது இவள் பொறுப்பு ஆனது. இனியாவுக்கு நேரம் இல்லை, ஆண்களுக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு வகை. காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். அதை நீல வாளியில் பிடிப்பாள். மோட்டார் போட்டால் வரும் போர் தண்ணீர் உப்பு. அது சிவப்பு வாளி, துணி அலசவும் வாசல் தெளிக்கவும்.

முதல் நாள் சிவப்பு வாளி மகிழத்துக்குப் போனது தற்செயல்தான். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அது. மறுநாள் அவசரம் இல்லை. ஆனாலும் சிவப்பு வாளியே போனது. மூன்றாம் நாள் முத்தமிழ் நீல வாளியை எடுத்துக்கொண்டு செப்டிக் டேங்க் மூலைக்குப் போனாள். எருக்கின் அடியில் பாத்தி கட்டி, வாளி முழுவதையும் மெதுவாகச் சாய்த்தாள். "குடி. ஒனக்காவது நான் இருக்கேன்," என்றாள். அப்படியே தினமும் நடந்தது. மகிழத்தின் இலை என்றைக்குப் பழுக்கும் என்று ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டாள்.

மகிழம் பழுக்கவில்லை. கொழுந்து விட்டது. அதைச் சுற்றியிருந்த ரோஜாக்கள்தான் ஒவ்வொன்றாகக் கருகின. எருக்கின் அடித்தண்டு கறுத்து மெதுமெதுவென்று ஆனது. ஐப்பசியில் மழை பிடித்தபோது தெருத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சேர்ந்து முன்வாசலில் நாலு நாள் நின்றன. பதித்த கற்கள் முழுகிப்போய், கேட்டுக்கு வர எல்லோரும் சுவரோரமாகவே நடந்து மண்ணில் ஒரு வழி விழுந்தது. தண்ணீர் வடிந்தபோது எருக்கு தலை சாய்ந்து கிடந்தது. தொட்டதும் வேரோடு கையில் வந்தது.

இனியா பள்ளியில் உடன் வேலை பார்க்கும் சுஹைனாவிடம் புலம்ப, அவள் தன் சொந்தக்காரர் அலாவுதீனை அனுப்பி வைத்தாள். பத்து வருடம் துபாயில் ஓட்டல்களுக்குத் தோட்டம் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் செடியும் இல்லை, மண்வெட்டியும் இல்லை.

"ஒரு நாற்காலி குடுங்கக்கா," என்றார் முத்தமிழிடம்.

"உக்காருங்க பாய், டீ போடுறேன்."

"எனக்கு இல்ல. தோட்டத்துக்கு." நாற்காலியை வாங்கிக் கேட்டருகில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு இனியா வீட்டுப் படியில். பிறகு சுவரோரம். "செடி வாங்குறது கடைசி வேலைங்க. மொதல்ல எங்கேருந்து பாக்கப் போறோம்னு முடிவு பண்ணணும். யாரு பாக்க இந்தத் தோட்டம்?"

"வர்றவங்க பாக்கத்தான். கேட்டுலேருந்து," என்றான் செம்பியன்.

"வர்றவங்க ரெண்டு நிமிஷம் பாப்பாங்க. வீட்டு ஆளுங்கள்ல யாரு அதிக நேரம் பாக்குறது?"

அலாவுதீன் சுற்றிப் பார்த்தார். முத்தமிழ் வீட்டின் முன் ஜன்னலில், இடத்தின் நடுவைப் பார்த்தபடி தையல் மிஷின் இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கேருந்துதான் போடணும்," என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்காதான் நாள் பூரா பாக்குறாங்க."

முத்தமிழுக்கு முகம் சூடானது. அளவு எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதுமே டேப்பை உருவிக்கொண்டு இறங்கிவிட்டாள். நாற்பதடியையும் இருபதடியையும் அளந்து, ரவிக்கை மாதிரி வெட்டும் காக்கித் தாளில் அளவைச் சுருக்கி, சாக்கட்டியால் கேட்டு, படி, ஜன்னல், செப்டிக் டேங்க் எல்லாம் குறித்துக் கொடுத்தாள். இனியாவின் தாளில் செப்டிக் டேங்க் இரண்டடி தள்ளி இருந்தது.

"என்ஜினீயர் மாதிரி போட்டிருக்கீங்க," என்றார் அலாவுதீன்.

"தோள்பட்டை எறங்குற எடம் தப்பினா துணி பூரா தப்புங்க பாய்," என்று முத்தமிழ் சொன்னது இனியாவுக்குக் கேட்கும்படியாகத்தான்.

அவர் காக்கித் தாளைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். கிழக்கே கடல், உப்புக் காற்று முதலில் அடிப்பது இங்கேதான், அதனால் கிழக்குச் சுவரோரம் அதைத் தாங்குகிற செடிகள். மழைத் தண்ணீர் தெருவுக்குப் போக ஒரு பக்கம் வாட்டம். ஆட்கள் சுவரோரமாக நடந்து விழுந்த தடத்திலேயே பாதை. "கால் எங்க போவுதோ அங்கதான் கல்லு போடணும். நாம ஸ்கேல் வச்சுக் கிழிச்ச வழியில யாரு நடக்குறா?" தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, கோலமாவு வாங்கி அதன் மேல் கோடு இழுத்தார். ஜன்னலை ஒட்டிக் குட்டையான செடி, போகப்போக உயரம். மருதின் முன்னால் வந்ததும் நின்றார்.

"இது ஆத்தங்கரையில நிக்கிற மரம். இருபது வருஷத்துல ஒங்க மாடிய இடுப்புல தூக்கி வச்சுக்கும். கடம்பும் அப்படித்தான். கன்னைப் பாத்து எடம் குடுக்கக் கூடாது, மரத்தப் பாத்துக் குடுக்கணும்."

"அப்ப என் நட்சத்திரத்த நாடு கடத்துறீங்க," என்றான் செம்பியன். மருது விழிதியூர் வாய்க்கால் கரைக்கும், கடம்பு இனியாவின் பள்ளி மைதானத்துக்கும் என்று அங்கேயே முடிவானது.

"மகிழம் இருக்கட்டும். நல்ல எடம். ஒரு எடத்துல ஒரு ராசாதான். ரெண்டு வச்சா கண்ணு எங்க நிக்கிறதுன்னு தெரியாம அலையும். அக்கா ஜன்னலுக்கும் நேரா இருக்கு." சொல்லிக்கொண்டே குனிந்தவர், மகிழத்தின் அடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மேலே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு. யாரு போர் தண்ணி ஊத்துறது?"

"நான்தான்," என்றாள் முத்தமிழ். "குழாய்த் தண்ணி பத்தல."

"எருக்குக்கு மட்டும் பத்துச்சா அக்கா?" என்றாள் இனியா. குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் காப்பி அடித்தவனைக் கேட்கும் குரல். "நீல வாளி தெனம் எந்த மூலைக்குப் போச்சுன்னு மாடியிலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தேல்ல, அப்ப கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும்."

"எனக்கு எருக்கு வாங்கியாந்தியே, அப்ப நான் என்ன நெனைப்பேன்னு தெரியலையா?"

"உங்க நட்சத்திரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்? வாங்கியாராம விட்டா, நம்மள மட்டும் விட்டுட்டான்னு சொல்வீங்க." இனியாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அது கோபத்தில். "மகிழம் மகிழம்னு வயிறு எரியிறீங்க. ஆறு மணிக்கு வந்து ஸ்கூட்டி நிறுத்துறப்போ எனக்கு என்ன தெரியுது? நட்டு வச்சது நான், நாள் பூரா பாக்குறது நீங்க. ஆறு வருஷமா ஆட்டோக்காரன் என்னைய 'தையக்காரம்மா வீடுதான'ன்னு கேட்டுத்தான் எறக்கி விடுறான். என் வீட்டுக்கு வழி சொல்லக்கூட ஒங்க பேருதான் வேண்டியிருக்கு."

முத்தமிழ் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்திக்கு எரியும் என்பது அவள் எந்தக் காலத்திலும் நினைத்துப் பார்க்காத ஒன்று. அது சங்கடமாக இருந்தது. உள்ளூர ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது; அதை முகத்தில் வர விடாமல் டேப்பைச் சுருட்டினாள்.

செம்பியன் தொண்டையைக் கனைத்தான். அலாவுதீன்தான் பேச்சை மாற்றினார். "மகிழத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்க. உப்பைத் தாங்குற மரம் அது. ரோஜாதான் பாவம், நடுவுல மாட்டிக்கிச்சு. ஆமா, எருக்கு எங்க?"

"செத்துப் போச்சு," என்றாள் முத்தமிழ்.

"எருக்கா! எப்படிங்க? அது தார் ரோட்டுலயே முளைக்குமே."

"தெனம் ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்துனேன்."

அலாவுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீசையைத் தடவினார். "அதாங்க. அதுக்குக் காஞ்ச மணலும் வெயிலும் போதும். நீங்க பாசமா ஊத்தி அழுக வச்சிட்டீங்க."

கெடுக்க நினைத்தது தழைத்தது, வளர்க்க நினைத்தது செத்தது. வெட்டின துணி இரண்டு பக்கமும் தப்பிப்போனது போல முத்தமிழ் அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இனியாவின் டம்ளரை அவள் கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தாள். இனியா எடுத்துக் குடித்தாள்.

தை பிறந்ததும் முத்தமிழ் தனியாகப் பஸ் ஏறிப்போய் கைலாசநாதனிடம் இன்னொரு வெள்ளெருக்கு வாங்கினாள்.

"இதுக்கு ரெண்டாந்தடவை யாரும் வந்ததில்லைங்க," என்றார் அவர்.

"நான் வந்திருக்கேன்ல. குடுங்க."

எங்கே வைப்பது என்று அலாவுதீனைப் போனில் கேட்டாள். காம்பவுண்டுக்கு வெளியே, கேட்டுக்கு வலப்பக்கம், கட்டட மணல் கொட்டி மிஞ்சிப்போன ஒரு துண்டு நிலம் இருந்தது. வெயில் கொளுத்தும், தண்ணீர் நிற்காது, ஆடு வாய் வைக்காது, உள்ளே விளையாட வரும் பிள்ளைகள் கையும் படாது. "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கக்கா," என்றார். அவள் ஊற்றவில்லை. ஊற்றாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சிவப்பு வாளியின் மிச்சம் வாசல் தெளிக்க மட்டும் போனது. மகிழத்துக்கு நீல வாளி, அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்.

இரண்டு வருடத்தில் உள்ளே தோட்டம் தோட்டமாகிவிட்டது. ஜன்னலடியில் குட்டை இட்லிப்பூ, அதற்கு அப்பால் நந்தியாவட்டை, வளைந்து போகும் கல் பாதை, நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலே மகிழம். துணி கொடுக்க வருகிறவர்கள் இன்னமும் "டீச்சர் மரம் என்னமா வந்திருக்கு!" என்கிறார்கள். முத்தமிழ் இன்னமும் குண்டூசியைக் கடித்துக்கொள்கிறாள். நாள் முழுக்க அதைப் பார்த்தபடிதான் மிஷின் மிதிக்கிறாள்.

போன ஆவணியில், பிள்ளையார் சதுர்த்தி அன்று காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தபோது, வெளியே எருக்கின் பக்கத்தில் ஐந்தாறு பெண்கள் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"தையக்காரக்கா, பிள்ளையாருக்கு எருக்கம்பூ கொஞ்சம் குடுங்களேன். வெள்ளெருக்கு எங்கயும் கெடைக்கலக்கா."

செடி தலைக்கு மேலே வளர்ந்து புதராகி, கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. முத்தமிழ் உள்ளே போய்ப் பழைய கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். "பால் கண்ணுல பட்டுடப் போவுது, தள்ளி நில்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா வாங்க," என்று அதட்டினாள். அவள் குரல் அவ்வளவு கணீரென்று தெருவில் கேட்டு நாளாயிற்று.

குளித்து, ஈரத்தலையில் துண்டோடு இனியா தட்டை எடுத்துக்கொண்டு வந்து நேரே செடியருகே போனாள்.

"வரிசையில நில்லு," என்றாள் முத்தமிழ்.

"ஒரே கேட்டுக்குள்ள இருக்கேன். எனக்கும் வரிசையா அக்கா?"

"செடி கேட்டுக்கு வெளில இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். இனியா முறைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் இருந்த, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் திரும்பி, "இது ஒங்க வீட்டுச் செடிதாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க," என்றாள் இனியா. "எங்க அக்கா செடி."

முத்தமிழின் கத்திரி ஒரு கணம் நின்று, மறுபடி வெட்டியது.

ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக இனியா தட்டை நீட்டினாள். செடியில் இரண்டு கொத்துதான் மிச்சம். உச்சியில் ஒன்று, முத்து முத்தாக, கேட்டவர்களுக்கெல்லாம் எட்டவில்லை என்று சொல்லி முத்தமிழ் விட்டு வைத்திருந்தது. கீழே ஒன்று, பாதி உதிர்ந்தது. முத்தமிழ் உச்சிக் கொத்தை நோக்கிக் கையை உயர்த்தினாள். அப்போதுதான் துண்டுக்குக் கீழே இனியாவின் காதில் ஏதோ மின்னியது கண்ணில் பட்டது.

"தோடு புதுசா?"

"ஆமாக்கா. போன வாரம் எடுத்தேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு," என்றாள் முத்தமிழ்.

கத்திரி கீழ்க் கொத்துக்குப் போனது.